கொடும்பாவியும் எங்க சித்தப்பாவும்

எங்க பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை 'ஐயர்'னுதான் சொல்வோம். தலைமுறை தலைமுறையா ஆர்.சி.யான எங்க வீட்லயும் ஒரு ஐயர் உண்டு. சித்தப்பா. சாமியாருக்குப் படிக்கப் போயி, பாதியில வெளிய வந்து, அந்தப் பக்கம் ஐயர் ஆனவர். அன்னையிலேர்ந்து ஆச்சி அவர் வீட்ல பச்சத்தண்ணி குடிச்சதில்ல. அண்ணன் கல்யாணத்துல சித்தப்பா ஜெபம் பண்ண எழுந்ததும், ஆச்சி பேசாம எழுந்து வெளிய போயிட்டாங்க.

அதனாலயோ என்னவோ, ஜோவாவ் ஃபெரெய்ரா தெ அல்மேய்தாவைப் பத்திப் படிச்ச அன்னைக்குத் தூக்கமே வரல. போர்ச்சுகல்ல கத்தோலிக்கராப் பொறந்தவர். கீழ்த்திசைக்கு வந்த இடத்துல, 1642-ல, ஸ்பானிஷ்ல இருந்த ஒரு சின்னப் பிரசுரத்தைப் படிச்சிட்டு டச்சு சீர்திருத்த சபைக்கு மாறிட்டாரு. வயசு 14! பதினாறுல புதிய ஏற்பாட்டைப் போர்த்துகீசியத்துல மொழிபெயர்க்க உக்காந்துட்டாரு. (அந்த வயசுல நான் டியூஷனுக்கு மட்டம் போட்டு கிரிக்கெட் ஆடிட்டிருந்தேன் :-)) 1656-ல பத்தாவியாவுல, அதாவது இன்றைய ஜகார்த்தாவுல, போதகர் பட்டம். அப்புறம் இலங்கை. அங்கேர்ந்து எங்க தூத்துக்குடி.

இங்கதான் மனுஷன் மாட்டிக்கிட்டாரு. 1661-ல கோவாவுல இருந்த மதவிசாரணை மன்றம், ஆள் கையில கிடைக்காததால அவரோட கொடும்பாவியை எரிச்சிருக்கு. அப்படிப்பட்டவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கவோ தாலி கட்டிக்கவோ ஊர்ல பலர் தயாரா இல்ல. கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படியே ஓடியிருக்கு.

ஊர்க்காரங்களையும் குறை சொல்ல முடியாதுங்க. 1658-ல ஊரைப் பிடிச்ச டச்சுக் கம்பெனியோட ஆளா வந்தவர்தானே அவர்? அதோட, விட்டுட்டு வந்த சபையைத் திட்டறதுல அவரும் சளைச்சவர் இல்ல.

புதிய ஏற்பாடு 1681-ல ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு, ஏகப்பட்ட பிழையோட. பழைய ஏற்பாட்டுல எசேக்கியேல் கடைசி வரைக்கும் வந்துட்டு, 1691-ல இறந்துட்டாரு. மிச்சத்தை வேறொரு போதகர் 1694-ல முடிச்சாரு.

சித்தப்பாவுக்கு போன் போட்டு முழுக்கதையும் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு.

"அவரு ஒரு வருஷத்துல கப்பலேறிட்டாருல்லா மக்கா. நான் பதினேழு வருஷமா இதே ஊர்லதானல இருக்கேன்..."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆச்சி சாப்பிட்டாளா?"ன்னு கேட்டாரு.

ஜனவரியில எனக்குக் கல்யாணம். பந்திக்கு முன்னாடி சித்தப்பா ஜெபம் பண்ணணும்னு எனக்கு ஆசை. ஆச்சிகிட்ட இன்னும் கேக்கல.