கல் வீட்டின் வாசலில்

சாண்டோ ஆஞ்செலோ நகரிலிருந்து கிளம்பிய பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. ஜூலை மாதம், அங்கே அது கடுங்குளிர்காலம். சாலையின் இருபுறமும் கோதுமை முழங்கால் உயரம்கூட எட்டாமல் பச்சையாக நின்றது. கோடையில் இதே நிலத்தில் சோயா விளையும். உழுது போட்டிருந்த இடங்களில் மண் செங்கல் பொடியைப் போலச் சிவந்து கிடந்தது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனதும், ஒரு சிறிய ஊரின் கூரைகளுக்கு மேலே மணிக்கூண்டு ஒன்று தலை காட்டியது. அந்த மண்ணே எழுந்து நிற்பதுபோல அதே சிவப்பு.

ஊரின் பெயர் சாவோ மிகேல் தாஸ் மிசோயிஸ். பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்லில், தலைநகர் போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, அர்ஜென்டினா எல்லைப் பக்கம் இருக்கிறது. சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்து ஏழாயிரம் பேர் அளவில்தான் மக்கள்தொகை. பிரேசில் என்றால் கடற்கரையும் கார்னிவலும் அமேசான் காடும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இந்த ஊர் வேறொரு நாடாகவே தோன்றும். இங்கே ஆட்கள் கம்பளிப் போர்வையோடு திண்ணையில் உட்கார்ந்து, சுரைக்குடுக்கையில் சூடாக எர்வா மாத்தே குடிக்கிறார்கள். ஒருவர் உலோகக் குழலால் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி முடித்ததும் மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவர் கைக்குப் போகிறது குடுக்கை. நான் தங்கிய விடுதியின் அம்மா முதல் நாள் காலையிலேயே அதை என்னிடம் நீட்டினார். கசப்பு நாக்கில் ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. இந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான குவரானி மக்கள் உலகுக்குக் கொடுத்த பானம் அது. அவர்கள் கட்டிய கோயிலைப் பார்க்கப் போவதற்கு முன் அதைக் குடித்தது நல்ல தொடக்கமாகவே பட்டது.

ஊரின் தெரு முடிகிற இடத்தில் பரந்த புல்வெளி. அதன் மறுகோடியில் கூரையில்லாத தேவாலயம். இந்தப் புல்வெளிதான் ஒரு காலத்தில் ஊரின் நடுச் சதுக்கம். ஒரு பக்கம் தேவாலயம், அதை ஒட்டி துறவிகளின் இல்லம், பள்ளி, பட்டறைகள், அடுத்து கல்லறைத் தோட்டம், விதவைகளும் அநாதைகளும் வாழ்ந்த இல்லம், பின்புறம் பழத்தோட்டம். சதுக்கத்தின் மற்ற மூன்று பக்கங்களிலும் குவரானிக் குடும்பங்களின் நீண்ட தாழ்வாரம் வைத்த வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. இன்று அந்த வீடுகளில் மிஞ்சியிருப்பது புல்லுக்கடியில் கோடு போல ஓடும் அடித்தளக் கற்கள் மட்டும்.

சுவரருகே போய்க் கையை வைத்துப் பார்த்தேன். மணற்கல். காலைக் குளிரில் சில்லென்று இருந்தது. வெயில் பட்ட பக்கம் மட்டும் இளஞ்சூடு. ஒவ்வொரு கல்லும் சதுரமாகச் செதுக்கி, அடுத்த கல்லோடு நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பு அரிதாகக் கிடைத்த வட்டாரம் என்பதால் இங்கே கட்டுமானத்துக்குக் களிமண்தான் துணை. வெளிப்பூச்சுக்கு தபாடிங்கா என்கிற வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துப் பூசினார்கள். ஆக, இன்று நாம் வியந்து படமெடுக்கும் இந்தச் சிவப்பை அன்றைய ஊர்க்காரர்கள் பார்த்ததே இல்லை. அவர்கள் கண்டது வெள்ளை வெளேரென்ற கோயில்.

இந்தக் கோயிலுக்குப் பின்னால் இடம்பெயர்வின் கதை ஒன்று இருக்கிறது. சான் மிகேல் என்ற பெயரில் இயேசு சபைத் துறவிகள் முதல் குடியிருப்பை 1632இல் நிறுவியது வேறோரிடத்தில். சாவோ பாவ்லோ பக்கமிருந்து பண்டேய்ராண்டஸ் எனப்பட்ட அடிமை வேட்டைக்காரர்கள் படை படையாக வந்து குவரானிகளைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போனதால், குடியிருப்புகள் உருகுவே ஆற்றைத் தாண்டி மேற்கே ஓட வேண்டியதாயிற்று. 1641இல் ம்போரோரே என்ற இடத்தில் குவரானிகளே ஆயுதமேந்தி அந்தப் படையை முறியடித்தார்கள். அதன்பின்தான் மூச்சு விட முடிந்தது. 1687இல் ஆற்றுக்குக் கிழக்கே திரும்பி வந்து, இப்போதுள்ள இடத்தில் ஊரை மறுபடி எழுப்பினார்கள். இதைப்போல ஆற்றின் கிழக்குக் கரையில் மொத்தம் ஏழு ஊர்கள். பிரேசிலில் இன்றும் இந்த வட்டாரத்தை 'ஏழு ஊர்கள்' என்றே சொல்கிறார்கள்.

தேவாலயத்துக்குத் திட்டம் வரைந்தவர் மிலான் நகரத்து இயேசு சபைச் சகோதரர் ஜான் பத்திஸ்தா பிரிமோலி. ரோமில் உள்ள இயேசு சபையின் தாய்க்கோயிலை மனதில் வைத்து வரைந்தார் என்பார்கள். கட்டுமானம் 1735 வாக்கில் தொடங்கி பத்து ஆண்டு நீடித்தது. இந்த ஆண்டுக்கணக்கைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அர்ஜென்டினா, பராகுவே, பிரேசில் என இன்று மூன்று நாடுகளில் பரவிக் கிடக்கும் 30 குவரானி மிஷன் ஊர்களின் மொத்த மக்கள்தொகை 1732இல் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த எட்டே ஆண்டுகளில் பெரியம்மையும் பஞ்சமும் புகுந்து, அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஐரோப்பியரோடு கடல் கடந்து வந்த நோய்க்கு, மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊர்கள் எளிதான இரையாயின. பக்கத்து ஊர்களில் சாவு விழுந்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்தக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒரு கல்லைச் செதுக்க ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும், அந்த மனிதன் வீட்டில் எத்தனை பேரைப் புதைத்துவிட்டு வேலைக்கு வந்திருப்பான் என்று எண்ணிப் பார்த்தால், கையை எடுக்க மனம் வரவில்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு நினைவு தானாக வரும். பிரிமோலி இந்தக் காட்டுவெளியில் கல் அடுக்கிய அதே ஆண்டுகளில், அதே சபையைச் சேர்ந்த இன்னொரு இத்தாலியர் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர்தான் அவர். அவருடைய சதுரகராதி 1732இல் உருவானது. குவரானி மொழிக்கு அகராதி அதற்கும் முன்பே, 1639இல், அந்தோனியோ ருயிஸ் தே மொந்தோயா என்ற இயேசு சபைத் துறவியின் உழைப்பில் மத்ரித்தில் அச்சேறிவிட்டது. மக்களின் மொழியைக் கற்று, அதிலேயே பேசி, அதிலேயே எழுதுவது என்ற ஒரே வழிமுறை உலகின் இரு கோடிகளிலும் நடந்தது. 1773இல் போப்பாண்டவர் சபையைக் கலைத்தபோது வீரமாமுனிவர் பணியாற்றிய மதுரை மிஷனும் அதில் அடிபட்டது. ஆனால் குவரானி ஊர்களுக்கு அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

1750 ஜனவரி 13 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் மத்ரித்தில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உருகுவேயில் உள்ள கொலோனியா துறைமுகம் ஸ்பெயினுக்கு. பதிலுக்கு ஏழு ஊர்களும் போர்ச்சுகலுக்கு. ஏழு ஊர்களிலும் வாழ்ந்த ஏறக்குறைய 30,000 குவரானிகள் தூக்கிக்கொண்டு போகக்கூடியதைத் தூக்கிக்கொண்டு, வீடு, வயல், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்றின் மறுகரைக்குப் போய்விட வேண்டும் என்பது கட்டளை. தேவாலயம் முடிந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை. வரைபடத்தில் கோடு இழுத்தவர்கள் யாரும் இந்தச் சதுக்கத்தைக் கண்டவர்கள் இல்லை.

குவரானிகள் போக மறுத்தார்கள். சாவோ மிகேலின் தலைவர்களில் ஒருவரான செப்பே தியாராஜு முன்னால் நின்றார். "இந்த மண்ணுக்கு உடையவர்கள் இருக்கிறார்கள்" என்று அவர் சொன்னதாக இந்த வட்டாரத்தில் வாய்வழியாக வழங்கி வருகிறது. அது அவர் வாயிலிருந்து வந்ததோ, பின்னால் மக்கள் அவர் வாயில் வைத்ததோ, இங்கே சுவரெழுத்திலிருந்து கடைப்பலகை வரை எங்கும் அந்த வாசகத்தைப் பார்க்கலாம். ஸ்பானியப் படையும் போர்ச்சுகீசியப் படையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. 1756 பிப்ரவரி 7 அன்று செப்பே கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து கைபோவாத்தே என்ற மேட்டு நிலத்தில் நடந்த மோதலில் ஏறக்குறைய 1,500 குவரானிகள் மடிந்தார்கள். எதிர்ப்படைக்குச் சேதம் மிகச் சொற்பம். 2009இல் பிரேசில் தன் நாட்டு வீரர்களின் பெயர்ப் புத்தகத்தில் செப்பேயின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. 250 ஆண்டுக்குமேல் ஆனது அதற்கு.

அந்த ஒப்பந்தத்தை 1761இல் இரு அரசுகளும் ரத்து செய்துவிட்டன. அத்தனை உயிர்கள் போனது ஒன்றுமில்லாமலே ஆயிற்று. 1767இல் ஸ்பானிய மன்னர் தன் ஆட்சிப்பரப்பிலிருந்து இயேசு சபையையே வெளியேற்ற ஆணையிட்டார். ஊர்களை நடத்த வந்த அதிகாரிகளின் கீழ் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். 1801இல் போர்ச்சுகல் தரப்பு இந்த ஊர்களைப் பிடித்துக்கொண்டது. பின்னர் கூரை விழுந்தது. சுவரில் மரம் முளைத்தது. இயேசு சபையினர் தங்கம் புதைத்துவிட்டுப் போனார்கள் என்ற வதந்தியை நம்பித் தரையைத் தோண்டினார்கள். வீடு கட்ட வந்தவர்கள் செதுக்கிய கல் சும்மா கிடைக்கிறதே என்று வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப் பார்த்தால் பழைய ஊர் முழுதாக அழியவில்லை. பல வீடுகளின் அடித்தளத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

மிச்சமிருப்பதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. 1937இல் பிரேசில் அரசு பாரம்பரியக் காப்பு நிறுவனத்தைத் தொடங்கிய கையோடு, லூசியோ கோஸ்தா என்ற கட்டடக் கலைஞரை இங்கே அனுப்பியது. இருபது ஆண்டுகளுக்குப் பின் பிரேசிலியா நகரத்துக்குத் திட்டம் வரைந்தவர் இவரே. பாழடைந்த கோயிலைப் புதிதாகக் கட்டி முடிக்க அவர் முனையவில்லை. சாய்ந்த மணிக்கூண்டைப் பிரித்து மறுபடி அடுக்கிச் சுவர்களை உறுதிப்படுத்தும் வேலை நடந்தது. சதுக்கத்தின் ஒரு மூலையில் கோஸ்தா ஓர் அருங்காட்சியகம் வடிவமைத்தார். ஓட்டுக்கூரை, நாலாபுறமும் தாழ்வாரம், வெள்ளைச் சுவர், கண்ணாடி, அவ்வளவுதான். புல்லுக்கடியில் மறைந்துபோன குவரானி வீடுகளின் வரிசையில் ஒரு வீடு மட்டும் திரும்பி வந்து நிற்பதுபோல அது இருக்கிறது. 1983இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கண்ணாடிக்குள்ளே மரச் சிற்பங்கள். சுற்றுவட்டாரத்துச் சிற்றாலயங்களிலும் வீடுகளிலும் சிதறிக் கிடந்து, பிறகு சேகரிக்கப்பட்ட புனிதர் உருவங்கள். ஐரோப்பிய மாதிரியைப் பார்த்துச் செய்தவைதான். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் கன்ன எலும்பும், கண்ணின் சாய்வும், நெற்றியில் விழும் நேர்முடியும் இங்கத்து முகங்களையே காட்டுகின்றன. உளி பிடித்தவர் தனக்குத் தெரிந்த முகத்தையே செதுக்கியிருக்கிறார். 2016 ஏப்ரலில் ஒரு சூறாவளி இந்த அருங்காட்சியகத்தைச் சிதைத்துப் போட்டது. சிற்பங்கள் சிலவும் சேதமடைந்தன. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, ஒட்டிச் சீராக்கித் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள் ம்பியா குவரானிப் பெண்கள். ஊரிலிருந்து சற்றுத் தள்ளி அவர்களுடைய கிராமம் இருக்கிறது, பெயர் கோயெஞ்சு. துணிமேல் மூங்கில் கூடைகளும் கையளவு மர விலங்குகளும். சிறுத்தை, ஆந்தை, ஆமை. மென்மரத்தைச் செதுக்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுக் கோடும் புள்ளியும் வைக்கிறார்கள். ஓர் ஆந்தையை எடுத்து முகர்ந்தேன். கருகிய மரவாசனை இன்னும் போகவில்லை. சிறகின் ஒவ்வொரு கோடும் ஒரே அழுத்தத்தில், ஒரே இடைவெளியில் இருந்தது.

வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களைக் கடந்து தேவாலயத்தைப் படமெடுக்கப் போகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் போனேன். அவர்கள் இந்த இடத்துக்குச் சொல்லும் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு திரும்பி வந்து அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் மொழியில் இது தாவா, கல் வீடு. இதைத் துறவிகளின் சாதனையாக ம்பியாக்கள் பார்ப்பதில்லை. தெய்வங்களின் வழிகாட்டலில் தங்கள் முன்னோர் கட்டியது. தீமையில்லாத நிலத்தைத் தேடி நடந்தவர்கள் வழியில் விட்டுப்போன அடையாளம். அவர்கள் உடல் பட்ட கல். 2014இல் பிரேசிலின் பாரம்பரிய நிறுவனம் இந்தப் பொருளிலேயே தாவாவைத் தனியாகப் பதிவு செய்தது. ஆக அந்த நிறுவனத்தின் ஏட்டில் ஒரே இடம் இருமுறை பதிவாகியிருக்கிறது: முதலில் கட்டடமாக, பிறகு ஒரு மக்களின் நினைவாக. இரண்டாவது பதிவுக்கு முதல் பதிவிலிருந்து எழுபது ஆண்டுக்குமேல் பிடித்தது.

இரவில் இங்கே 1978 முதல் ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது. நிலமும் கோயிலும் குரல் பெற்றுத் தங்கள் கதையைச் சொல்கின்றன. குளிரில் போர்வைக்குள் சுருண்டு அதையும் பார்த்தேன். சிவப்புச் சுவர்மேல் விளக்கு மாறி மாறி விழ, போர் முழக்கம் ஒலிபெருக்கியில் அதிர்ந்தது. நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் என் மனம் மாலையில் கண்ட ஒன்றிலேயே நின்றது.

வாயில் மூடும் நேரம். விற்காத விலங்குகளைத் துணியில் முடிந்து ஒரு பெண் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுடைய சிறுமி அதற்குள் ஓடிப்போய், விழுந்து கிடந்த தூண் கல் ஒன்றின்மேல் ஏறிப் படுத்திருந்தாள். பகல் முழுக்க வெயில் வாங்கிய கல்லல்லவா, கதகதப்பாக இருந்திருக்கும். அம்மா அவர்கள் மொழியில் ஏதோ கூப்பிட்டாள். சிறுமி உடனே வரவில்லை. சொந்த வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பிள்ளையை இருட்டுகிறது வா என்று கூப்பிட்டால் எப்படி வருமோ, அப்படி மெல்ல எழுந்து வந்தாள்.