துளைக்குள் மறையும் சேறு

மன்னார்த் தீவின் பேசாலையில் 1970களில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் வல்லுநரின் துணையோடு எண்ணெய் தேடிக் கிணறுகள் துளைத்தது. 2011 ஆகஸ்டில் அதே தேடல் கரையைவிட்டு ஆழ்கடலுக்குச் சென்றபோது, கேர்ன் லங்கா நிறுவனத்துக்காக ஜப்பானின் ஆய்வுக் கப்பலான சிக்யூ, 1,354 மீற்றர் ஆழமான நீர்ப்பரப்பில் டொராடோ என்னும் முதற்கிணற்றைத் துளைத்து எரிவாயுவைக் கண்டது. இரண்டாவதான பராகுடா, 1,509 மீற்றர் நீருக்குக் கீழே தொடங்கி 4,741 மீற்றர் ஆழம்வரை சென்று அங்கும் எரிவாயுவைக் காட்டியது, மூன்றாவது வறண்டது. செய்தித்தாள்கள் எரிவாயுவையே பேசின என்றாலும், இத்தகைய கப்பலில் வேலை செய்வோரின் கண் இரவும் பகலும் பதிந்திருப்பது சேற்றின்மீதுதான்.

துளையிடுவோர் ‘மட்’ என்றழைக்கும் இச்சேறு, களிமண்ணும் எடையேற்றும் பொடிகளும் நீரிலோ எண்ணெயிலோ கலந்த குழம்பு ஆகும். துளைக்குழாயின் உள்ளே இறங்கி, துளைமுனையின் வாய்களால் பீறிட்டு, வெட்டுண்ட கற்றூளை வாரிக்கொண்டு குழாய்க்கும் பாறைச் சுவருக்கும் இடையே மேலேறி, கப்பலில் சல்லடைகளைக் கடந்து தொட்டிக்குத் திரும்புவது அதன் சுற்று. பாறைக்குள் அடைபட்ட வாயு கிணற்றுக்குள் புகாதபடி தன் எடையால் தடுப்பதும் அதன் பணியே. எடை குறைந்தால் வாயு புகும், மிகுந்தால் பாறை பிளக்கும். ஆழ்கடலில் இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலான வெளி மிகவும் ஒடுங்குகிறது. ஏனெனில் டொராடோவில் பாறை அழுத்தவேண்டிய 1,354 மீற்றரைக் கடல்நீர் நிரப்பியிருக்க, நீரோ பாறையின் எடையில் பாதியும் கொண்டதன்று.

இப்படிச் சேறு பாறைக்குள் மறையும் இழப்பை முதலில் உணர்பவர், தொட்டிகளைக் காவல் காப்பவரும் அளவீட்டு அறையில் அமர்ந்திருக்கும் ‘மட் லொகர்’ எனப்படும் சேற்றுப் பதிவாளருமே. பத்துச் சதுர மீற்றர் பரப்புள்ள தொட்டியில் மட்டம் ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்தால் நூறு லீற்றர் குறைந்தது என்று பொருள். ஆனால் 12¼ அங்குலத் துளை ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 76 லீற்றர் புதுக்குழியாகத் திறப்பதால், பாறை ஒன்றும் விழுங்காத நாளிலும் மட்டம் தாழ்ந்துகொண்டே இருக்கும். கப்பல் அலையில் ஆட, தொட்டியின் சேறு ஒரு பக்கம் சரிய, கருவி காட்டும் எண் ஒரு நிலையில் நில்லாது. ஆகவே பல உணரிகளின் சராசரியை எடுத்து, உள்ளே செல்லும் ஓட்டத்தையும் வெளிவரும் ஓட்டத்தையும் தனித்தனியே அளந்து, அவற்றின் வேற்றுமையையே பெரிதும் நம்புகின்றனர்.

எவ்வளவு போயிற்று என்பதைவிட எப்படிப் போயிற்று என்பதே இங்கு கூடுதலாகப் பேசுகிறது. நுண்துளை மிக்க மணற்கல்லில் இழப்பு மெல்லத் தொடங்கி, அப்பாறை துளையில் வெளிப்பட வெளிப்படக் கூடி, சுவரில் சேற்றுப் படலம் படியத் தணியும். இயற்கைப் பிளவைத் துளைமுனை வெட்டிய கணத்திலோ ஓட்டம் சட்டென்று வீழும். பிளவு குறுகியதாயின் நிரம்பியதும் மீளும், அகன்றதாயின் சேறு திரும்பி வருவதே நின்றுபோகும். துளையிடுவோரே உண்டாக்கிய பிளவு பாறை வகையைப் பார்ப்பதில்லை: பம்பு திடீரென வேகங்கொண்டபோதோ, குழாயை அவசரமாக இறக்கியபோதோ அழுத்தம் ஏறி அது திறக்கிறது.

இப்பிளவுகளில் சில, பம்பு ஓடும்போது உராய்வு சேர்க்கும் கூடுதல் அழுத்தத்தால் விரிந்து சேற்றை வாங்கி, பம்பு நின்றதும் மூடிக்கொண்டு திருப்பித் தரும். வாயு உட்புகுந்தாலும் பம்பு நின்றபின் சேறு வெளிவரும் என்பதால் இரண்டும் முதற்பார்வையில் ஒன்றாகவே தோன்றுகின்றன. பிளவு தரும் ஓட்டம் நிமிடத்துக்கு நிமிடம் இளைக்கும். வாயு தள்ளும் ஓட்டம் இளைக்காது, பெரும்பாலும் வளரும். பிளவை வாயுவென்று எண்ணிச் சேற்றின் எடையைக் கூட்டினால் பிளவு இன்னும் விரியும். வாயுவைப் பிளவென்று எண்ணிக் காத்திருந்தால் கிணறே கைமீறும். இத்தொழிலில் இதைவிடக் கடினமான தீர்ப்பு வேறில்லை என்று துணிந்து சொல்லலாம். அதற்காகவே புதிய குழாய் பொருத்தப் பம்பை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் திரும்பும் ஓட்டத்தைப் பதிந்து, முந்தைய கோடுகளின்மேல் வைத்துப் பதிவாளர் ஒப்பிடுகிறார்.

பின்னர் மின்தடையை அளக்கும் கருவியைத் துளைக்குள் இறக்கி, சுவரின் படத்தை விரித்த தாளாகப் பார்க்கும்போது, சாய்வாக ஓடும் இயற்கைப் பிளவு அலைவடிவக் கோடாகவும், துளையிடலால் நேர்ந்தது எதிரெதிர்ப் பக்கங்களில் இரு நெடுங்கோடுகளாகவும் விழுவதைக் காணலாம். மன்னார்ப் படுகையில் மணற்கல்லோடு எரிமலைப் பாறைகளும் உள்ளன. குளிரும்போதே வெடிப்புறும் இயல்பினவாதலால் அவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். மன்னார்க் கரையின் சுண்ணக்கல்லும் நீரில் கரைந்து பொந்துபடும் பாறையாதலால், அங்கு குழாய்க்கிணறு அடிப்போருக்கும் சேறு மறையும் சிக்கல் புதிதன்று.

பிளவை அடைக்க மைக்காத் தகடு, கொட்டை ஓட்டுத் தூள், சுண்ணக்கற்பொடி முதலியவற்றைப் பல பருமன்களில் சேற்றில் கலக்கின்றனர். எரிவாயு இருக்கக்கூடிய அடுக்கில் மட்டும் தேர்வு மாறுகிறது. வாயு வெளிவரும் வழியும் அதே பிளவாக இருக்கலாம் என்பதால், மைக்காவையும் ஓட்டுத்தூளையும் ஒதுக்கி, பின்னர் அமிலத்தில் கரைத்து நீக்கக்கூடிய சுண்ணக்கற்பொடி மூட்டைகளையே கலவைப் புனலருகே முன்கூட்டி அடுக்கி வைக்கின்றனர்.