வரியும் விளக்கும்

பாகலூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு இரண்டு குறைகள். வீட்டு வரி அதிகம்; தெருவிளக்கு எரிவதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். இரண்டும் நியாயந்தான்.

ஆனால் குறைகளைப் பிரித்துவிட்டால் வம்பு வந்துவிடுகிறது. 1978-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மக்களிடம் வாக்குச் சீட்டைக் கொடுத்துச் சொத்து வரியைப் பற்றிக் கேட்டார்கள். சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று மக்கள் தீர்த்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் மகிழ்ந்தார்கள், பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் கையைப் பிசைந்தன. வரியைக் கேட்ட சீட்டு, விளக்கைக் கேட்கவில்லை.

நம் பக்கம் அந்தச் சீட்டே கிடையாது. 2022-இல் ஓசூர் போன்ற மாநகராட்சிகளில் சொத்து வரி உயர்ந்தது. அறுநூறு சதுர அடிக்குட்பட்ட சிறிய வீட்டுக்கே நூற்றுக்கு 25 கூடிற்று. அறிவிப்புத்தான் வந்தது, கேள்வி வரவில்லை.

கிராமத்தில் மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 1994-ஆம் வருஷத்துச் சட்டம். வரியும் விளக்கும் ஒரே காகிதத்தில் இருக்கும் இடம் அது.

பெரியவர் வரி ரசீதுகளை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போய், "இதற்கு விளக்கு எங்கே?" என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி.