வலியும் பேறும்

பேறுகால வலியை அரபியில் 'மகாழ்' என்பர். தோற்பையிற் பாலை ஊற்றிக் குலுக்கி வெண்ணெய் எடுப்பதற்கும் அதே வேர்ச்சொல்தான். தமிழோ நோவுக்கும் வலிமைக்கும் 'வலி' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது. (இறைநேசரைக் குறிக்கும் வலி வேறு.) மர்யம் அத்தியாயத்தைப் போதிக்கும்போதெல்லாம் இவற்றை மாணவர்க்கு விளக்கி வந்த நாம், அவற்றின் மெய்ப்பொருளை ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்திலேதான் அறிந்தோம்.

நம் இளைய மகளுக்கு இஷாவுக்குப் பின் வலி கண்டது. நள்ளிரவு கடந்தும் உள்ளிருந்து வந்த அவள் குரலை நம்மாற் பொறுக்க இயலவில்லை. "ஆபரேஷன் செய்துவிடுங்கள் அம்மா, கையெழுத்துப் போடுகிறோம்" என்று மருத்துவ அம்மையாரிடம் மன்றாடினோம்.

"குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாயிருக்கிறது. கருப்பை வாயும் திறந்து வருகிறது. உங்கள் பதற்றத்திற்காக அவள் வயிற்றை அறுக்கலாமா, ஹஸ்ரத்?" என்றார் அவர். நாணித் தலைகுனிந்தோம்.

ஸுப்ஹு பாங்கு ஒலித்தபின் பேரன் பிறந்தான். ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் குடித்தான். நண்பகலில் அவள் தானே எழுந்து நடந்தாள்.

பிறகு அம்மையார் விளக்கினார். கருவறையில் சிசுவின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். வலி தொடங்கியதும் சுரக்கும் ஹார்மோன்கள் அந்நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளச் செய்கின்றன. வலி காணுமுன்பே நாள் குறித்து எடுக்கப்படும் பிள்ளைகளிற் சிலர் முதல் நாளில் மூச்சுக்குத் திணறுவது இதனாலேயே. பிறப்பு வழியே வரும் பிள்ளையின் குடலில் தாயின் நல்ல நுண்ணுயிர்கள் முதலில் குடியேறுகின்றன. தாய்க்கோ வயிற்றிற் புண்ணில்லை. அடுத்த பேற்றில் பழைய தழும்பில் நஞ்சுக்கொடி வேரூன்றி உதிரம் பெருகும் அபாயமும் இல்லை. சுகப்பிரசவம் என்று பெயரேயன்றி அதிலும் கிழிசலும் தையலும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 100 பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளிலோ ஏறத்தாழ 64. இத்தனையும் தேவை கருதித்தானா? வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனின் விடுமுறை முடியுமுன் பிள்ளையை எடுத்துவிடச் சொல்லும் குடும்பங்களை நம் தெருவிலேயே கண்டிருக்கிறோம். மருத்துவரை மட்டும் குறை கூற நமக்கு வாயில்லை. கையெழுத்துக்கு முந்திக்கொண்டு நின்றவர் நாமல்லவா!

ஆனால் நம் மூத்த மகளின் நிலை வேறு. குழந்தையின் துடிப்புத் தாழ்ந்துபோனதால் அறுவை செய்தனர்; அதனால்தான் பேத்தி நமக்குக் கிடைத்தாள். கல்யாண வீடொன்றில் ஒரு பெண்மணி அவளை, "வலி தெரியாமல் பெற்றவள்" என்றார். அன்று அவள் உண்ணாமலே எழுந்து வந்துவிட்டாள். தங்கையின் கையைப் பற்றியபடி அவ்விரவு முழுதும் உள்ளே நின்றவள் அவள்தான்.