இது யார் பேசுறது?

நானும் என் கணவரும் பெங்களூர் ஈஜிபுராவில் குடியிருக்கிறோம். பகலில் ஆளுக்கொரு ஆபீஸ். இரவில் குறும்படங்களுக்குக் கதை. எங்கள் கதைகளில் யாராவது காணாமல் போவார்கள், இல்லையென்றால் செத்துப்போவார்கள். "புருஷனும் பொண்டாட்டியும் உக்காந்து பேசுற பேச்சாடி இது?" என்று திருவண்ணாமலையிலிருந்து வந்த பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், ஒரு கொலையை எப்படி மறைப்பது என்று யோசிக்கும் இரவுகளில்தான் நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம்.

சேர்ந்து எழுதும் தம்பதி என்றால் எங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் புஷ்கரும் காயத்ரியும். ஆட்டோ ரேஸை வைத்து 'ஓரம் போ' (2007), ஒரே ராத்திரியில் சரக்கு தேடி அலையும் 'வ குவார்ட்டர் கட்டிங்' (2010) என்று சிரிப்புப் படங்களில் தொடங்கியவர்கள். ஏழு வருடம் கழித்து 'விக்ரம் வேதா'. 2022-ல் அவர்கள் எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய 'சுழல்' தொடரில், மயானக்கொள்ளைத் திருவிழாவின் நடுவே ஒரு சிறுமி காணாமல் போகிறாள்; தேடல் கடைசியில் வீடுகளுக்குள்ளேயே வந்து நிற்கிறது.

'விக்ரம் வேதா'வை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே ஒரு ஏற்பாட்டுக்காக. போலீஸ்காரர் விக்ரம் துரத்தும் ரவுடிக்கு வக்கீலாக நிற்பது விக்ரமின் மனைவி. வழக்கு படுக்கையறை வரை வந்துவிடுகிறது. அந்த மனைவியாக நடித்த ஷ்ரத்தா ஸ்ரீநாத், நிஜத்திலும் சட்டம் படித்து எங்கள் ஊரில் வேலை பார்த்தவர். 'விக்ரம் வேதா'வுக்கு முந்தைய வருடம் அவர் நடித்த கன்னடப் படம் 'யூ டர்ன்', பெங்களூர் டபுள் ரோடு மேம்பாலத்தைச் சுற்றி நடப்பது. எங்களுக்கும் ஒரு மேம்பாலம் வாய்த்தது. ஈஜிபுராவில் 2017-ல் வேலை ஆரம்பித்து, வருடக்கணக்கில் வெறும் தூண்களாக நின்ற பாலம். எங்கள் கதையை அந்தத் தூண்களுக்கு அடியில் வைத்தோம்.

கதைநாயகி, பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான, ஈஜிபுராவின் இ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவள். 2013 ஜனவரியில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பலர் பக்கத்து நடைபாதையிலேயே தங்கினார்கள். எங்கள் நாயகி கோரமங்களாவில் சமையல் வேலைக்குப் போகிறாள். ஒரு நாள் வீடு திரும்பவில்லை. அதற்கு முந்தைய இரவு கணவனோடு ஒரு சண்டை. மனைவியின் வசனம் என் பொறுப்பு, கணவனுடையது என் கணவரின் பொறுப்பு.

நான் எழுதியது இது: "அம்மாவப் பாக்கணும்னு சொன்னேன். அடுத்த வாரம்னு சொன்ன. அடுத்த வாரம் அம்மா இல்ல."

என் அம்மா அப்படித்தான் போனார். அதைப் பற்றி நானும் என் கணவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவர் படித்தார், லேப்டாப்பை மூடினார். காலையில் என் வசனத்தின் கீழே கதையின் கணவன் பதில் சொல்லியிருந்தான்: "நீ அன்னிக்கே பஸ் ஏறியிருக்கலாமே, நான் காலப் புடிச்சு இழுத்தேனா?"

அதன் பிறகு வீட்டில் பால் பாக்கெட், கரன்ட் பில் என்று பதமாகப் பேசிக்கொண்டோம். ஸ்கிரிப்ட்டில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டோம். நாங்கள் எழுதியதிலேயே கூர்மையான வசனங்கள் அவைதான். எழுத்து நன்றாக வருகிறதே என்பதற்காகவே நான் அந்தச் சண்டையை வளர்த்தேன். அவர் முகம் வாடுவதும் தெரிந்தது, அடுத்த வரியும் தயாராக இருந்தது.

நிறுத்தியது அவர்தான். "இதுல அந்தப் பொண்ணு எங்க இருக்கா?" என்றார்.

இல்லைதான். வீடு இடிபட்டவளுக்குக் கோபம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கும். அட்டைப் பெட்டியில் போன பாத்திரங்கள், முகவரி இல்லாமல் போன ரேஷன் கார்டு, பாதியில் நின்ற மகளின் பள்ளிக்கூடம். அதையெல்லாம் தள்ளிவிட்டு எங்கள் துக்கத்தை அவள் வாயில் திணித்திருந்தோம். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, அன்று இரவு எங்கள் பெயரிலேயே பேசினோம். அதோடு தீரவில்லை. வேதாளம் கதையில் பதில் தெரிந்தும் ராஜா வாய் திறக்காவிட்டால் அவர் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். நாங்களும் மறுபடி மறுபடி போய் இறக்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

வேலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பார்கள். இருட்டைக் கதையாக எழுதுகிற வீட்டில் அந்தக் கதவு மூடாது; சொந்த வலியும் வேஷம் கட்டிக்கொண்டு பாத்திரங்களோடு வந்து உட்காரும். தனியாக எழுதுகிறவருக்கு அதைப் பிரித்தறிவது கஷ்டம், நன்றாக எழுதியிருந்தால் இன்னும் கஷ்டம். கூட எழுதுகிறவருக்குச் சட்டென்று பிடிபடும், ஏனென்றால் அந்த வலியில் அவருக்கும் பங்கு உண்டு. இப்போது கனமான வசனம் எது வந்தாலும், மற்றவர் "இது யார் பேசுறது?" என்று கேட்பார். பாத்திரம் பேசுகிறது என்றால் ஸ்கிரிப்ட்டில் இருக்கும். நாங்கள் பேசுகிறோம் என்றால், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் அழித்துவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுகிறோம்.