செத்த பிணை, போக்கியம்

காட்டூரிலிருந்து திருவெறும்பூர் போகும் தஞ்சாவூர் ரோட்டில் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ். ‘மார்ட்கேஜ் லோன், உடனே’ என்று ஒன்று. ‘வீடு ஒத்திக்கு’ என்று அதன் பக்கத்திலேயே இன்னொன்று. முதல் நோட்டீஸில் சாவு இருக்கிறது. படித்துவிட்டுப் போன் போடுகிறவருக்கு அது தெரிய வேண்டியதில்லைதான்.

மார்ட் என்பது லத்தீனில் சாவைக் குறிக்கும் வேர். பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரியிலும் போஸ்ட்மார்ட்டத்திலும் அது தன் முகத்தை மறைப்பதில்லை. நம் மரணமும் மிருத்யுவும், ஏன், சாகாமல் வைக்கிற அமிர்தமும்கூட அந்த வேருக்குப் பங்காளிகள் என்கிறார்கள் மொழிநூலார். மார்ட்கேஜில் பின்பாதியான கேஜ் என்றால் பிணை. ஆக, செத்த பிணை.

செத்தது எது? 15ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய நீதிபதி இப்படிச் சொன்னார்: கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன்காரனுக்குச் செத்தது, கட்டிவிட்டால் கொடுத்தவனுக்குப் பிணை செத்தது. சாமர்த்தியமான விளக்கம். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தியது. 12ஆம் நூற்றாண்டில் கிளான்வில் பெயரால் வழங்கும் சட்ட நூல் பிணையை இரண்டாகப் பிரிக்கிறது. நிலத்தின் விளைச்சலை எடுக்க எடுக்கக் கடன் குறைந்தால் அது உயிருள்ள பிணை. விளைச்சலையும் எடுத்துக்கொண்டு, அசலும் அப்படியே நின்றால் செத்த பிணை. இது வட்டித் தொழிலுக்குச் சமம், நியாயமற்றது என்றும் அந்த நூல் கண்டிக்கிறது.

இதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. இது நம் ஒத்தியேதான்! ஐந்து லட்சத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் குடியிருக்கலாம். வாடகை கிடையாது, வட்டி கிடையாது. காலி பண்ணும்போது ஐந்து லட்சமும் முழுசாகத் திரும்ப வேண்டும். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் அடமானத்தை வகை பிரித்தபோது, அனுபவித்துக்கொள்ளும் இந்த வகைக்கும் ஓர் இடம் கொடுத்தது. பத்திரம் எழுதுகிறவர்கள் போக்கியம் என்பார்கள். போகம், அனுபவிப்பது. லண்டனில் பிணம், இங்கே போகம். ஒரே ஏற்பாடுதான். அவர்கள் நிலத்தை இழந்து நிற்கிறவன் பக்கமிருந்து பேர் வைத்தார்கள், நாம் குடியேறுகிறவன் பக்கமிருந்து.

வீட்டுக்காரர் பக்கம் எப்படியிருக்கும் என்று எங்கள் தெருக்காரர் ஒருவர் சொன்னார். “ஒத்திப் பணம் வந்த வாரமே பொண்ணு கல்யாணத்துல கரைஞ்சிருச்சுண்ணே. இவரைக் காலி பண்ணணும்னா இன்னொருத்தர் ஒத்திக்கு வந்தாத்தான் உண்டு.” வாடகையும் வராது, அசலும் குறையாது. கிளான்வில்லை அவருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த வேரின் இன்னொரு பிள்ளை மார்ட்மெயின், செத்த கை. மடாலயத்துக்குப் போன நிலம் திரும்பி வராது; வாரிசுதாரர் கைமாறும்போது பிரபுவுக்குக் கிடைக்கும் வரும்படியும் போயிற்று. அதனால் 1279இல் முதலாம் எட்வர்ட் அதைத் தடுத்துச் சட்டம் போட்டார். சாகாத உடைமையாளரின் கைக்குச் செத்த கை என்று பேர்! ஸ்ரீரங்கத்தில் வீட்டடி நிலம் கோயிலுக்கா, குடியிருப்பவருக்கா என்ற அடிமனைத் தகராறு பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். இங்கே நம் சட்டத்தின் கண்ணுக்குப் பெருமாள் சொத்துள்ள ஓர் ஆள், அதுவும் என்றைக்கும் மைனர்.

பாங்கில் தரும் தவணை அட்டவணைக்கு அமார்டைசேஷன் என்று பேர். கடனைச் சிறுகச் சிறுகச் சாகடிப்பது. 20 லட்சம், 9 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 17,995 ரூபாய். முதல் தவணையில் 15,000 வட்டிக்கே போய்விடும். வட்டியைவிட அசலுக்கு அதிகம் போக ஆரம்பிப்பதற்குள் பன்னிரண்டு வருஷம் தாண்டிவிடும். சாவு மெதுவாகத்தான் வருகிறது.

ஒத்திக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஆனால் நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள போக்கியத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்கிறது. நம் பக்கத்தில் பல ஒத்திகள் ஸ்டாம்ப் பேப்பரும் இரண்டு சாட்சிக் கையெழுத்துமாகவே முடிந்துவிடுகின்றன. வீட்டுக்காரர் இருக்கிறவரை தொந்தரவு இருக்காது. அவர் கண்ணை மூடிவிட்டால், “அப்பா வாங்கின பணம் எங்களுக்கென்ன தெரியும்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஐந்து லட்சத்துக்கு அந்த ஸ்டாம்ப் பேப்பரோடு வக்கீலைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.