வலிக்கு எத்தனை சொற்கள்?

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் தாயைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியிருந்தாள். "மை மதர் இஸ் வெரி பெயின்" என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பெயர்ச்சொல்லைப் பெயரடையாக்கிய பிழை. அத்துடன் என் கடமை முடிந்ததாக எண்ணினேன்.

ஓய்வு நேரத்தில் அவளை அழைத்து, "அம்மாவுக்கு என்னம்மா?" என்று தமிழில் கேட்டேன்.

"முட்டியில குடைச்சல், டீச்சர். ராத்திரி வேலை முடிஞ்சு வந்தா கால் கடுக்குதுன்னு சுவத்தைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நடப்பாங்க" என்றாள்.

குடைச்சலையும் கடுப்பையும் பிரித்தறிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கிடைத்திருந்தது ஒரே சொல்!

ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 பிரிவுகளாக உள்ளன. விண்விண்ணென்று தெறிப்பது 'த்ராபிங்', கத்தியால் குத்துவது போன்றது 'ஸ்டாபிங்', எரிவது 'பர்னிங்', கடுப்பது 'ஏக்கிங்'. நோயாளி தெரிவு செய்யும் சொற்களிலிருந்து மருத்துவர் வலியின் தன்மையை அறிய முயல்கிறார்.

மறுநாள் இந்த நான்கு சொற்களையும் வகுப்பில் கற்பித்தேன். பிறகு அவளிடம், "சுவரைப் பிடித்து நடப்பதாகச் சொன்னாயே, அதையும் எழுது" என்றேன். "ஷி ஹோல்ட்ஸ் த வால் அண்ட் வாக்ஸ்" என்று எழுதினாள். அவ்வரியில் வலி என்ற சொல்லே இல்லை. ஆயினும் அந்தத் தாயை நான் கண்டேன்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளையின் ஆங்கில வரியைத் திருத்துமுன், அது சொல்ல வந்தது என்னவென்று தமிழில் ஒருமுறை கேட்போம்.